ஒருநாள் மொழியியல் கருத்தரங்கு: கட்டுரை வாசிக்க வருவோர் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகத் துறைகள் நடத்தும் ஒருநாள் மொழியியல் கருத்தரங்குக்கு முதன்முறையாகக் கட்டுரை அனுப்பும் முதுகலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் இந்தப் பதில்கள். தமிழ்த் துறையிலிருந்து மொழியியல் பக்கம் வருகிறவர்களுக்குச் சில இடங்களில் கூடுதலாக விளக்கியிருக்கிறோம்.

எனக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?

அழைப்பு மடலில் 15 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் கேள்வி என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். கணக்கு இதுதான்: காலை 9.30 முதல் மாலை 5 வரை மொத்தம் 450 நிமிடம். தொடக்க விழாவுக்கு 45, சிறப்புரைக்கு 60, இரண்டு தேநீர் இடைவேளைக்கு 30, மதிய உணவுக்கு 60, நிறைவு விழாவுக்கு 30 போனால் மிச்சம் 225 நிமிடம். ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் என்றால் ஓர் அரங்கில் 11 பேர்தான் வாசிக்க முடியும். மூன்று அரங்குகளை வைத்துக்கொண்டு 60 கட்டுரைகளை ஏற்றுக்கொண்ட துறையில் அரங்குக்கு 20 பேர் வருவார்கள்; ஒருவருக்குக் கேள்வி உட்பட 11 நிமிடம்.

இது எல்லாம் நேரத்துக்குத் தொடங்கினால். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அரசு வகுத்த நேரம் 55 விநாடி. தாமதம் அங்கே வருவதில்லை. பொன்னாடைகளிலும், மேடையில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் பட்டத்தோடு மூன்று முறை சொல்லும் வரவேற்புரையிலும் வருகிறது. தொடக்க விழா 40 நிமிடம் கூடுதலாக நீண்டால் அரங்குக்கு இரண்டு கட்டுரைகளின் நேரம் போய்விடும். ஆகவே 12 நிமிடத்துக்குத் தயாரித்து, 8 நிமிடத்தில் முடிக்கவேண்டி வந்தால் எந்தப் பகுதியை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த 12 நிமிடத்தை ஒட்டியவைதான்.

சங்க இலக்கியம் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வார்களா?

மொழியைப் பற்றியதாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். ‘குறுந்தொகையில் உவமைகள்’ இலக்கியக் கட்டுரை. ‘குறுந்தொகையில் எதிர்மறை வினைகள்’ மொழியியல் கட்டுரை. அறியேன், செய்யேன் போன்ற வடிவங்களில் கால உருபும் இல்லை, எதிர்மறைக்கென்று கண்ணுக்குத் தெரியும் தனி உருபும் இல்லை. வேரோடு விகுதி நேராகச் சேர்கிறது. இன்று ‘செய்யமாட்டேன்’, ‘செய்யவில்லை’ என்று பிரித்துச் சொல்வதை அந்த ஒற்றை வடிவம் எப்படித் தாங்கியது? இது 12 நிமிடத்தில் நின்று பேசக்கூடிய கேள்வி.

இலக்கண நூல்களும் தரவாகலாம். நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என்று மூன்றைச் சொல்கிறது. அந்த மூன்றும் ஒரு குறிப்பிட்ட நூலில் எந்தெந்த வினைகளோடு, எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பது ஆய்வு. நூற்பாவை எடுத்துப்போட்டு உரையாசிரியர் சொன்னதைத் திரும்பச் சொல்வது ஆய்வாகாது. தமிழ்த் துறைகளிலிருந்து வரும் சுருக்கங்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

தலைப்பை எவ்வளவு குறுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட இரண்டு படி கூடுதலாக. ‘தமிழில் இரட்டை வழக்கு’ (எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என ஒரே மொழியில் இரு வழக்குகள் புழங்குவது) என்பது ஒரு நூலின் பரப்பு. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் அந்தக் கருத்தை நான்கு மொழிச் சமூகங்களை வைத்து முன்வைத்த பிறகு அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ‘செய்தித் தொலைக்காட்சி விவாதங்களில் வழக்கு மாற்றம்’ என்றால் பரவாயில்லை. ‘விவாதத்தில் நெறியாளர் கேள்வியை எழுத்து வழக்கில் தொடங்கிப் பேச்சு வழக்கில் முடிக்கும் இடங்கள்’ என்றால் ஒருநாள் கருத்தரங்குக்குச் சரியான அளவு.

ஒரு சோதனை: உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில், தரவைச் சுட்டிச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் பெரியது.

ஆய்வுச்சுருக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பொதுவாக 250 முதல் 300 சொல் கேட்பார்கள். கேள்விக்கு 60 சொல், தரவுக்கு 60, முறைக்கு 40, கண்டதற்கு 90. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ‘மொழி என்பது மனித இனத்தின் கருத்துப் பரிமாற்றக் கருவி’ என்று தொடங்கி 200 சொல்லை முன்னுரையில் கரைத்துவிட்டு, ‘இக்கட்டுரை ஆராய முற்படுகிறது’ என்று முடித்துவிடுகிறார்கள். என்ன கண்டீர்கள் என்பது இல்லாத சுருக்கத்தை மதிப்பிடுபவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ‘வந்தானாம்’, ‘மழையாம்’ என்பவற்றில் வரும் ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் ஒட்டு. கேள்வி: கேட்டதைச் சொல்ல மட்டுமா அது வருகிறது, சொன்னவர்மேல் நம்பிக்கையில்லை என்று காட்டவும் வருகிறதா? தரவு: எத்தனை பேரின் எத்தனை நிமிடப் பேச்சு, எந்த ஊர், எந்த வயது, எப்போது பதிவானது. முறை: ஒவ்வொரு ‘ஆம்’ வரும் இடத்திலும் செய்தியின் மூலம் யார், அடுத்து என்ன சொல்லப்படுகிறது என்று குறித்து வகைப்படுத்தல். கண்டது: எந்த வகை எத்தனை, எங்கே தெளிவாகப் பிரிகிறது, எங்கே பிரிக்க முடியவில்லை. இவ்வளவுதான். வேலை முடியாமல் ‘முடிவுகள் கருத்தரங்கில் சொல்லப்படும்’ என்று எழுதாதீர்கள். பாதித் தரவை வைத்தாவது ஒரு முடிவைச் சொல்லி, பாதிதான் பார்த்தது என்று எழுதுங்கள்.

சொல்லொப்புமைக் கட்டுரைகளை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்வது வரலாற்று மொழியியல் ஆகாது. எந்த இரு மொழிகளை எடுத்தாலும் தற்செயலாக ஒலியும் பொருளும் ஒத்துப்போகும் சில சொற்கள் கிடைக்கும். உறவைக் காட்டுவது ஒழுங்கான ஒலியிணைவு. தமிழில் சொல் முதலில் ப வரும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ஹ வருகிறது: பால்–ஹாலு, பல்–ஹல்லு, பத்து–ஹத்து, பாம்பு–ஹாவு. பழங்கன்னடத்தில் அங்கே ப-தான் இருந்தது. ஆகவே எது மாறியது என்பதும் தெரிகிறது. அதேபோல் இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் கன்னடத்தில் க இருக்கும் இடத்தில் தமிழில் ச: கிவி–செவி, கேரி–சேரி. இங்கே மாறியது தமிழ்! இதை அவையில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒலிமாற்றத்துக்கு மொழிப்பற்று தெரியாது.

திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-இலும் கால்டுவெல் 1856-இலும் சொன்னதைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984 பதிப்பில் உங்கள் சொல் எந்தப் பதிவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் இல்லாததையோ அதோடு முரண்படுவதையோ கொண்டுவாருங்கள். ‘உலகின் முதல் மொழி’ என்று தலைப்பிலேயே வந்தால் பெரும்பாலான மதிப்பீட்டாளர்கள் மேலே படிப்பதில்லை. மொழிகளின் தொடக்கத்தை அப்படி வரிசைப்படுத்தும் முறை எதுவும் இந்தத் துறையில் கிடையாது.

எத்தனை பேரிடம் தரவு எடுத்தால் போதும்?

கேள்வியைப் பொறுத்தது. அருகிவரும் மொழி ஒன்றின் வினைத்திரிபை விவரிக்க இரண்டு நல்ல பேச்சாளர்கள் போதும். வயதுக்கும் ஒரு வடிவத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல இரண்டு பேர் போதாது. ஆண், பெண் என இரண்டு, மூன்று வயதுக் குழு, ஒவ்வொரு கட்டத்திலும் 4 பேர் என்றால் 24 பேர். அதோடு கல்வியையும் இரண்டாகப் பிரித்தால் 48. ஒரு மாறியைக் கூட்டும்போதெல்லாம் களப்பணி இரட்டிப்பாகும் என்பதால், சமூக மாறிகளை இரண்டோடு நிறுத்துவதுதான் ஒருநாள் கட்டுரைக்கு நல்லது.

‘என் வகுப்பு மாணவர்கள் 50 பேருக்குக் கூகுள் படிவம் அனுப்பினேன்’ என்ற வகைத் தரவில் கவனம் தேவை. அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அதில் கிடைக்காது. எப்படிப் பேசுவதாக நினைக்கிறார்கள் என்பது கிடைக்கும். அதுவும் ஆய்வுப்பொருள்தான், ஆனால் அப்படித்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

தமிழுக்கே உரிய ஒரு பள்ளம் உண்டு. சொற்பட்டியலை அச்சடித்து வாசிக்கச் சொன்னால், வீட்டில் ‘பளம்’ என்பவரும் ‘பழம்’ என்றே வாசிப்பார். எழுத்தைப் பார்த்ததும் வாய் எழுத்து வழக்குக்குத் தாவிவிடும். ழ-வின் ஒலிப்பை ஆராய்கிறவர்கள் படத்தைக் காட்டிக் கேளுங்கள், அல்லது ‘வாழைத்தாரில் இருப்பது என்ன?’ என்று கேட்டுச் சொல்லவையுங்கள். ஆராயும் சொல்லை நடுவில் வைத்துச் சொல்லவைக்கும் சட்டக வாக்கியமும் ‘நான் … என்று கூறினேன்’ என்று இருக்கக் கூடாது. ‘நான் …னு சொன்னேன்’ என்று இருக்கட்டும்.

செல்பேசியில் பதிவு செய்தால் போதுமா?

இலக்கணத் தரவுக்குப் போதும். ஒலியியல் அளவீட்டுக்கு, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலி இருந்தால் ஓரளவு போதும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு 5.3 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 320 மெகாபைட் அளவில் வரும்; இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பி3-யும் வாட்ஸ்அப் குரல் செய்தியும் கோப்பைச் சுருக்கும்போது ஒலியலையின் தகவலைத் தூக்கியெறிந்துவிடுகின்றன. பிறகு வேவாக மாற்றினாலும் போனது திரும்பாது.

ஒலிவாங்கி வாயிலிருந்து 15–20 சென்டிமீட்டர் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். எதிரே வைத்தால் ப-வின் காற்று மோதி அலை வெட்டுப்படும். மின்விசிறியை நிறுத்துங்கள், வெயில் நேரத்தில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், அதற்காகவே காலை 7 மணிக்குப் போகிறார்கள். பேச்சொலியை அளக்கும் பிராட் மென்பொருளில் உயிரொலிகளின் அதிர்வுப் பட்டைகளை (ஃபார்மன்ட்) அளக்கும்போது மேல் எல்லையைப் பெண்குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ், ஆண்குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ் என்று மாற்ற வேண்டும். எல்லோருக்கும் ஒரே எல்லையை வைத்துவிட்டு ‘ஆண்களின் உ வேறுபடுகிறது’ என்று முடிவு சொன்னால், வேறுபட்டது உங்கள் அமைப்பாக இருக்கலாம்.

பேச்சாளர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டுமா?

வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால் பதிவின் தொடக்கத்திலேயே அவர் மொழியில் விளக்கி, சம்மதத்தைக் குரலில் பதிவு செய்யுங்கள். எதற்காக, யார் கேட்பார்கள், அரங்கில் ஒலிக்கவிடலாமா, பின்னால் வேண்டாமென்றால் அழித்துவிடுவோமா என்ற நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆய்வுக்குச் சம்மதித்தவர் அரங்கில் தன் குரலைப் போட்டுக்காட்டச் சம்மதித்தார் என்று பொருளில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் சேரும்.

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிவடையக்கூடிய பழங்குடிகளாக அடையாளம் காணப்பட்டவை. அவர்களிடம் களப்பணி என்றால் துறையின் கடிதம் மட்டும் போதாது. ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும், காப்புக்காட்டுக்குள் ஊர் இருந்தால் வனத்துறை அனுமதியும் தேவை. அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கருத்தரங்கு அறிவிப்பைப் பார்த்த பிறகு தொடங்குவது வீண்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை எப்படித் தருவது?

லைப்சிக் விதிகள் என்று அறியப்படும் மூன்று வரி முறையே எங்கும் ஏற்கப்படுகிறது: முதல் வரியில் உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய கூறு) பிரித்த வாக்கியம், இரண்டாம் வரியில் ஒவ்வோர் உருபனுக்கும் குறிப்பு, மூன்றாம் வரியில் பொருள்.

அவங்க வீட்டு-க்கு போ-ன்-ஆங்க
அவர் வீடு-வே4 போ-இற-பட.பன்
‘அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.’

இரண்டு வரிகளிலும் சொற்களும் சிறுகோடுகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். ஒரே உருபனுக்கு இரண்டு பொருள் இருந்தால் புள்ளி; முன்சொன்ன ‘ஆம்’ போன்ற ஒட்டுக்குச் சிறுகோடு அல்ல, சமக்குறி: வந்தான்=ஆம். வே4 நான்காம் வேற்றுமை, இற இறந்தகாலம், பட.பன் படர்க்கைப் பன்மை என்று குறுக்கப் பட்டியலை ஒருமுறை கொடுத்துவிடுங்கள். வரிகளிலுள்ள சொற்களை இடைவெளி அடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக்காதீர்கள், வேறு கணினியில் கலைந்துவிடும். கோடில்லாத அட்டவணையில் போடுங்கள்.

தமிழ் எழுத்து இரண்டு இடத்தில் காலை வாரும். ‘போனாங்க’வில் உருபன் எல்லை னா என்ற எழுத்தின் நடுவே விழுகிறது, ன் ஒரு பக்கம், ஆ ஒரு பக்கம் என்று பிரித்தே எழுத வேண்டும். மற்றொன்று, ஒரே க கடலில் ஒரு விதம், தங்கத்தில் ஒரு விதம், அகத்தில் இன்னொரு விதம். ‘மரம்’ பேச்சில் மூக்கொலி ஏறிய உயிரோடு முடிவதையும் எழுத்து காட்டாது. உருபனியல், தொடரியல் கட்டுரைக்குத் தமிழ் எழுத்து போதும். ஒலியியல் என்றால் பன்னாட்டு ஒலியெழுத்து இல்லாமல் முடியாது.

எந்த எழுத்துரு?

யூனிகோட். விவாதமே இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்த ஸ்லைடு, அது நிறுவப்படாத அரங்கக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். மாற்றியில் போட்டு மாற்றியிருந்தால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒலியெழுத்துக்கு டூலோஸ் அல்லது காரிஸ் எழுத்துரு, இரண்டும் இலவசம். எதுவானாலும் ஒரு பிடிஎஃப் படியும் பென்டிரைவில் இருக்கட்டும்.

தமிழில் வாசிக்கலாமா?

அழைப்பில் தமிழ் என்று இருந்தால் தாராளமாக. கலைச்சொல்லில் மட்டும் உறுதி வேண்டும்: பொருண்மையியல், சொற்பொருளியல் என்று ஒரே துறைக்கு இரண்டு பெயர் புழங்கும் நிலையில், ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே சொல்லுங்கள்.

கட்டுரையை அப்படியே படிக்கலாமா, ஸ்லைடு வேண்டுமா?

10 பக்கக் கட்டுரையை உரக்கப் படித்தால் அரை மணி நேரம் ஆகும். நான்காம் பக்கத்தில் அமர்வுத் தலைவர் சீட்டு நீட்டுவார். முடிவு ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும். ஆகவே 8 ஸ்லைடு: தலைப்பு, கேள்வியும் அதைத் தூண்டிய ஓர் எடுத்துக்காட்டும், தரவு, பகுப்பாய்வுக்கு நான்கு, முடிவு. ‘முன்னாய்வுகள்’ என்று தனி ஸ்லைடு வேண்டாம். எதோடு உடன்படவில்லையோ அந்த ஓர் ஆய்வைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது.

ஒலித்துணுக்குகளை ஸ்லைடுக்குள் பதித்தால் அரங்கில் பெரும்பாலும் ஒலிக்காது. எண்ணிட்ட தனிக் கோப்புகளாக வைத்து, தேநீர் இடைவேளையில் ஒலிபெருக்கியோடு இணைத்துச் சோதியுங்கள்.

மொழியியல் அரங்குகளில் ஸ்லைடைவிட மதிப்புள்ளது கைத்தாள். எண்ணிட்ட எடுத்துக்காட்டுகள் மட்டும், ஒரே தாளின் இரு பக்கமும், 30 படி. மின்சாரம் போனாலும் உங்கள் உரை நிற்காது. கேட்பவர் ‘எடுத்துக்காட்டு 7-இல்…’ என்று துல்லியமாகக் கேட்கவும் முடியும்.

சுவரொட்டி அமர்வுக்கு மாற்றியிருக்கிறார்கள். தரம் குறைத்துவிட்டார்களா?

இல்லை. 11 நிமிடம் பேசுவதைவிட, ஒரு மணி நேரம் தரவின் அருகே நின்று விஷயம் தெரிந்த ஐந்து பேரோடு பேசுவது பல சமயம் பயனுள்ளது. அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக ஏ0, அதாவது 841 × 1189 மில்லிமீட்டர். ஃபிளெக்ஸ் கடையில் தரும்போது எழுத்துக்களை வளைகோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால்?

‘இந்தத் தரவில் அது இல்லை, பார்க்க வேண்டும்’ என்று சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ‘எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லையே’ என்று ஒருவர் நிச்சயம் எழுவார். அது மறுப்பல்ல, இலவசத் தரவு. எந்த ஊர், என்ன வடிவம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்துத் திருட்டைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் எத்தனை விழுக்காடு வரை?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை, 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. மேற்கோள் குறியிட்டு மூலம் சொன்ன பகுதிகளும் நூற்பட்டியலும் கணக்கில் சேரா. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த நூற்பட்டியலில் இல்லாத நூல்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்காமல் சேர்த்தால், எண் குறைவாக வந்தாலும் அது மோசடிதான்.

சான்றிதழால் என்ன பயன்?

ஆசிரியர் நியமனத்துக்கான மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் மாநில அல்லது பல்கலைக்கழக அளவிலான கருத்தரங்குக்கு 2, தேசிய அளவுக்கு 3, நாட்டுக்குள் நடக்கும் பன்னாட்டு நிகழ்வுக்கு 5, வெளிநாட்டில் நடப்பதற்கு 7. முனைவர் பட்டத்துக்கு முன் இரண்டு கருத்தரங்கில் வாசித்திருக்க வேண்டும் என்ற 2016 நிபந்தனை 2022 நவம்பர் விதிமுறையில் நீக்கப்பட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம். ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

‘பன்னாட்டு’ என்று போட்டுவிட்டு, அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்பு, கருத்தரங்கு அன்றே ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூல் என்று வரும் அழைப்புகளில், கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை.

வாசித்த பிறகு கட்டுரையை என்ன செய்வது?

அன்று வந்த கேள்விகளை அன்றிரவே எழுதிவையுங்கள். ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகும். கருத்தரங்கத் தொகுப்பில் முழுக் கட்டுரையையும் கொடுத்துவிட்டால் நல்ல ஆய்விதழ்கள் அதை மறுபடி எடுப்பதில்லை. தொகுப்புக்குச் சுருக்கம் மட்டும் கொடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுப்பாருங்கள். பெரிய அவையில் சோதிக்க வேண்டுமென்றால், திருவனந்தபுரத்தில் 1971-இல் தொடங்கிய திராவிட மொழியியல் கழகம் நடத்தும் அகில இந்தியத் திராவிட மொழியியலாளர் மாநாடு அடுத்த படி. அங்கே அனுப்பும் சுருக்கத்தில், ‘எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லையே’ என்றவரின் ஊரும் தரவாகச் சேர்ந்திருக்க வேண்டும்.